ஆறு காசு நிலமும் ஐம்பது லட்சம் டாலர் கடனும்

அமெரிக்க வணிகரும் ஆப்பிரிக்க வணிகரும் கூட்டுச் சேர வேண்டும், முதலீடு பெருக வேண்டும், வாணிபம் விரிய வேண்டும் என்னும் பேச்சு இந்நாளில் அடிக்கடி நம் காதில் விழுகின்றது. ஆப்பிரிக்க நாடுகளின் பொருள்கள் பலவற்றைச் சுங்கவரியின்றி ஏற்பதற்கு வழிசெய்யும் சட்டம் ஒன்றை அமெரிக்க காங்கிரஸ் 2000ஆம் ஆண்டில் இயற்றிய பின்னர் இப்பேச்சு மேலும் வலுத்தது. கேட்போர்க்கு இது புதிய செய்தி போலத் தோன்றும். ஆயின் இரு கரைகளுக்கும் இடையே இத்தகைய உறவு ஏற்பட்டு நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த உறவை உண்டாக்கிய பொருளோ நமக்கு மிகவும் பழக்கமான ரப்பர்.

இவ்வுறவைக் குறிக்கப் பங்காளி என்ற சொல்லைச் சிலர் ஆளுகின்றனர். நம் குடும்ப வழக்கில் பங்காளி என்றால் உரிமை உடையவன், நிலத்தகராறும் அவனோடுதான். சொல்லின் இவ்விரு பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு லைபீரிய நாட்டின் கதையைப் படிப்பது நல்லது.

மேற்கு ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள சிறிய நாடு லைபீரியா. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதற்கென 1816இல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்ற ஒரு சபை தோன்றிற்று. அச்சபையார் அனுப்பிய மக்கள் 1822இல் மெசுராடோ முனையில் குடியேறினர். அப்பொழுது அமெரிக்க அதிபராக இருந்த மன்றோவின் பெயரால் அவ்வூர் மன்றோவியா எனப்பட்டது. 1847 ஜூலை 26ஆம் நாள் அவர்கள் தம்மைச் சுதந்திரக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டனர். ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் முதல் அதிபரானார். புதிய நாட்டின் அரசியற் சட்டம் கறுப்பின மக்களுக்கே குடியுரிமை அளித்தது. குடிமக்களுக்கே நிலவுடைமை அளித்தது. அந்நியர் எவரும் அங்கு நிலத்தை விலைக்கு வாங்க இயலாது. குத்தகைக்கு எடுக்கலாம். பின்னால் வரும் கதைக்கு இந்த விதி முக்கியமானது.

சுதந்திரம் பெயரளவில் முழுமையானதாயினும், குடியேறியவர்கள் கடற்கரையை ஒட்டி வாழ்ந்த சிறு கூட்டத்தினர். உள்நாட்டில் வாழ்ந்த கிப்பெல்லே, பாசா, கிரூ முதலிய பழங்குடி மக்களோ அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி. அவர்களுக்கு வாக்குரிமை 1940களில்தான் கிடைத்தது. அதுவரையில் குடிசைக்கு வரி செலுத்தவும், சாலை போடவும், சுமை தூக்கவும் அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஓர் அடிமைநாட்டிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் தம் அண்டை வீட்டாரை இவ்வாறு நடத்தினர் என்பது வரலாற்றின் வருந்தத்தக்க பக்கங்களில் ஒன்று.

கருவூலம் எப்பொழுதும் காலி. 1871இல் லண்டனில் 1,00,000 பவுன் கடன் வாங்கினார்கள். வட்டியையும் தள்ளுபடியையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது போகக் கைக்கு வந்தது மிகக் குறைவு. அந்தக் கடனை ஏற்பாடு செய்த அதிபர் ரோய் பதவியிழந்தார். 1906இல் மறுபடியும் பிரிட்டிஷ் கடன். 1912இல் பழைய கடன்களை அடைக்க 17 லட்சம் டாலர் புதுக்கடன்; அதற்கு ஈடாகத் துறைமுகச் சுங்க வருமானத்தை அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மானிய அதிகாரிகளின் மேற்பார்வையில் ஒப்படைத்தார்கள். இதற்கிடையில் சியாரா லியோனில் இருந்த பிரிட்டிஷாரும் ஐவரி கோஸ்ட்டில் இருந்த பிரெஞ்சுக்காரரும் எல்லையோரமாக லைபீரிய நிலத்தைக் கிள்ளிக்கொண்டே வந்தனர். வேலி அறுந்த தோட்டம் போலத்தான் அந்நாட்டின் நிலை.

ஆகவே லைபீரியத் தலைவர்களின் கண் எப்பொழுதும் அமெரிக்காவின் மேல் இருந்தது. அமெரிக்கப் பணம் உள்ளே வந்துவிட்டால் அமெரிக்கக் கொடியின் நிழலும் கூடவே வரும். அப்பொழுது பிரிட்டனும் பிரான்சும் கை வைக்கத் தயங்கும் என்பது அவர்கள் கணக்கு. 1921இல் அதிபர் சார்லஸ் கிங் வாஷிங்டனுக்கு நேரில் சென்று 50 லட்சம் டாலர் அரசாங்கக் கடன் கேட்டார். பிரதிநிதிகள் சபை இசைந்தது; 1922இல் செனட் சபை மறுத்துவிட்டது. இந்த 50 லட்சம் என்னும் தொகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

செனட் சபை மறுத்த அதே 1922ஆம் ஆண்டில், உலகின் மறுபுறத்தில், நம் மலாயாவில் வேறொன்று நடந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் தள்ளாடின. சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி 1922 நவம்பர் முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதி அளவுக்குள் அடக்கப்பட்டது. இதுவே ஸ்டீவன்சன் திட்டம். விலை ஏறியது. 1925ஆம் ஆண்டின் நடுவில் நியூயார்க் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் ஒரு டாலரையும் தாண்டிற்று. உலக ரப்பரில் ஏறத்தாழ முக்காற்பங்கை வாங்கியவர்கள் அமெரிக்கர். ஏறத்தாழ அந்த அளவை உண்டாக்கும் மரங்களோ பிரிட்டிஷ் ஆட்சிக்குள் நின்றன. மோட்டார் வண்டி பெருகிக்கொண்டிருந்த அந்நாளில் இது அமெரிக்கர்க்கு எரிச்சலை உண்டாக்கியதில் வியப்பில்லை. வர்த்தக அமைச்சராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர் இத்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். வேறு எங்கே ரப்பர் பயிரிடலாம் என ஆராய்வதற்கு 1923இல் அமெரிக்க காங்கிரஸ் 5 லட்சம் டாலர் ஒதுக்கிற்று.

நம் பள்ளிகளில் தோட்ட வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது ஸ்டீவன்சன் திட்டத்தை ஏதோ விலை ஏற்ற இறக்கத்தின் ஓர் அத்தியாயமாகச் சொல்லி மேலே சென்றுவிடுகிறோம். கோலாலம்பூரிலும் கொழும்பிலும் விதித்த கட்டுப்பாடு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் பாசா மக்களின் நெல்வயலைத் தொட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்க்கு உலகம் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றது என்பது விளங்கும்.

இங்கே ஹார்வி ஃபயர்ஸ்டோன் என்பவர் கதைக்குள் வருகின்றார். 1868இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1900இல் ஆக்ரன் நகரில் தம் பெயரால் டயர் நிறுவனம் தொடங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கு நண்பர். அவருடைய வண்டிகளுக்கு டயர் விற்றுப் பெருஞ்செல்வர் ஆனவர். அமெரிக்கர் தமக்கு வேண்டிய ரப்பரைத் தாமே பயிரிட வேண்டும் என்று ஊரெங்கும் முழங்கினார். பிலிப்பைன்ஸ் தீவுகளை நாடினார். அங்கே ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்குச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. மெக்சிகோவையும் பார்த்தார். முடிவில் அவர் ஆட்கள் லைபீரியாவை அடைந்தனர். மன்றோவியாவுக்கு அருகில் மவுண்ட் பார்க்லே என்னும் இடத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி போருக்கு முன் நட்டுக் கைவிட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்று கிடந்தது. கவனிப்பாரற்ற மரங்கள்; எனினும் வெட்டிப் பார்த்தால் பால் நன்றாக வடிந்தது. ஏறக்குறைய 2,000 ஏக்கர் கொண்ட அத்தோட்டத்தை 1924இல் குத்தகைக்கு எடுத்துச் சோதனை தொடங்கினார்கள். (ஃபோர்டு பிரேசிலைத் தேர்ந்தெடுத்தார், ஃபோர்டுலாண்டியா என்ற அவர் தோட்டத்தை இலைக்கருகல் நோய் அழித்துவிட்டது. அந்நோய் ஆப்பிரிக்காவில் இல்லாதது ஃபயர்ஸ்டோனின் நற்பேறு.)

பேச்சுவார்த்தை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1926இல் ஒப்பந்தம் முடிந்தது. அதன் ஷரத்துக்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

நிறுவனம் விரும்பிய இடத்தில் 10 லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக் காலம் 99 ஆண்டு. எடுத்த நிலத்துக்கு வாடகை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு அமெரிக்க 6 காசு. ஏற்றுமதியாகும் ரப்பரின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வரி. தோட்டத்துக்கு வேண்டிய இயந்திரங்களுக்கும் பொருள்களுக்கும் சுங்கம் இல்லை. ஆட்களைச் சேர்த்துத் தருவதில் அரசாங்கம் துணைநிற்க வேண்டும். 10 லட்சம் ஏக்கர் என்றால் நம் மலாக்கா மாநிலத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு; லைபீரிய நாட்டின் மொத்தப் பரப்பில் இருபத்தேழில் ஒரு பங்குக்குச் சமம். முழுவதையும் எடுத்திருந்தாலும் ஆண்டு வாடகை 60,000 டாலரைத் தாண்டியிராது.

மலிவு என்று படுகின்றது அல்லவா? ஆனால் எனக்கு நிலவாடகையைவிட இரண்டாவது பத்திரமே பெரிதாகப்படுகின்றது. நிலம் வேண்டுமானால் கடனையும் வாங்கியே ஆக வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் நிபந்தனை விதித்தார். கடன் தொகை 50 லட்சம் டாலர். வட்டி நூற்றுக்கு 7. தவணை 40 ஆண்டு. முதலில் அதில் ஏறக்குறைய பாதியே வழங்கப்பட்டது; அதுவும் பெரும்பகுதி 1912ஆம் ஆண்டுக் கடனையும் பிற பழைய பாக்கிகளையும் அடைக்கவே சென்றது. நாட்டின் வரவு செலவைக் கண்காணிக்க அமெரிக்க அதிபர் குறிப்பிடும் நிதி ஆலோசகர் ஒருவரை லைபீரியா தன் செலவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இசைவின்றி வேறு கடன் வாங்கக்கூடாது.

அரசாங்கச் செயலாளராக இருந்த எட்வின் பார்க்லே இந்தக் கடன் விதியைக் கடுமையாக எதிர்த்தார். குத்தகைக்காரரே கடன்காரராகவும் இருந்தால் நாட்டின் சுதந்திரம் என்னாவது என்பது அவர் வாதம். நிறுவனமே நேராகக் கடன் கொடுப்பதை லைபீரியர் ஏற்கமாட்டார்கள் எனக் கண்டதும், ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற வேறொரு பெயரில் கடன் வந்தது. அந்தக் கார்ப்பரேஷனும் ஃபயர்ஸ்டோனுடையதே. மேல்துண்டு மாறியது, ஆள் மாறவில்லை. அமெரிக்க அரசாங்கம் நேராகக் கொடுத்தால் கடன், நட்பு நாடு கொடுத்ததாக இருந்திருக்கும். செனட் மறுத்த அதே தொகை, இப்பொழுது ஒரு வணிகரின் கையிலிருந்து, வட்டியோடும் நிலத்தோடும் வந்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒப்பினார்கள்? அதிபர் கிங்கை ஏமாளி என்று கருதுவது எளிது, அது சரியன்று. 6 காசுக்கு அவர் நிலத்தை விற்றதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லைக்கு ஒரு காவலை வாங்கினார். விலையாக நிலத்தையும் வரவு செலவுக் கணக்கையும் கொடுத்தார். காவல் ஓரளவு பயன் தந்தது என்றும் சொல்ல வேண்டும். லைபீரியா பிற ஆப்பிரிக்க நிலங்களைப் போல ஐரோப்பியர் கைக்குப் போகவில்லை. ஆயின் காவலாளி வீட்டுக்குள்ளேயே படுக்கை விரித்துவிட்டான்.

அக்காலத்துக் கறுப்பினச் சிந்தனையாளர் பலரும் இதை நல்ல செய்தியாகவே முதலில் எண்ணினர். அமெரிக்காவின் பெரும் அறிஞர் டு பாய்ஸ் 1924இல் கிங்கின் பதவியேற்பு விழாவுக்கு அமெரிக்கத் தூதராகச் சென்றவர். வெள்ளையர் மூலதனம் கறுப்பர் நாட்டில் நேர்மையாக நடந்துகொள்ள இது ஒரு வாய்ப்பு என்று கருதி, தோட்ட நிர்வாகத்தில் பயிற்சி பெற்ற கறுப்பின அமெரிக்கரை அமர்த்தும்படி ஃபயர்ஸ்டோனுக்குக் கடிதமும் எழுதினார். அவர் எண்ணியபடி நடக்கவில்லை. மேலாளர் பதவிகள் வெள்ளையரிடமே இருந்தன. 1933இல் அதே டு பாய்ஸ், லைபீரியாவையும் சர்வதேச சங்கத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகத் தாக்கினார்.

நிலம் திருத்தும் வேலை பெரிய அளவில் தொடங்கிற்று. மரக்காட்டை வெட்டி எரித்தார்கள். ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் எழுந்த தலைமையிடத்துக்கு ஹார்வி, ஐடபெல் என்ற கணவன் மனைவி பெயர்களைச் சேர்த்து ஹார்பெல் என்று பெயரிட்டார்கள். மரம் நடுவதும், பட்டை சீவுவதும், பால் சேகரிப்பதும் நம் தோட்டங்களில் நடப்பது போன்றவையே. வேறுபாடு ஆட்களில் இருந்தது. மலாயாவில் நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். லைபீரியாவில் சொந்த ஊரில் மலைநெல் பயிரிட்டு வாழ்ந்தவர்களே தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். வயலில் வேலையுள்ளவன் கூலிக்கு வரமாட்டான். ஆகவே ஊர்த்தலைவர் மூலம் இத்தனை ஆள் என்று கணக்கிட்டு வரவழைத்தார்கள். அனுப்பிய ஆளுக்குத் தலைவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. தலைக்காசு என்ற சொல்லைக் கேட்டிருக்கும் நம்மவர்க்கு இது விளங்காமலிராது. மலாயாக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள். லைபீரியாவில் கங்காணியின் இடத்தில் ஊர்த்தலைவன் நின்றான். கங்காணியை விட்டுத் தப்பியவன் வேறு தோட்டத்துக்கு ஓடலாம். தன் ஊர்த்தலைவனை விட்டு ஒருவன் எங்கே ஓடுவான்? குடியிருந்த நிலமும் குத்தகைக்குள் போய்விட்ட பாசா மக்களுக்கோ திரும்பிச் செல்ல ஊரும் இல்லை.

மூன்றரை லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்நாட்டில் அத்தனை உழைக்கும் ஆண்களைத் திரட்டினால் வயல்கள் பாழாகும் என்று அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் பியூவல் 1928இலேயே எச்சரித்தார். ஆள் பிடிப்பது பற்றிய புகார் வேறொரு வழியில் உலகுக்குத் தெரிந்தது. லைபீரிய அதிகாரிகள் சிலர் ஸ்பானியருக்குச் சொந்தமான ஃபெர்னாண்டோ போ தீவின் கோக்கோத் தோட்டங்களுக்குக் கட்டாய ஆட்களைக் கப்பலேற்றி விற்பதாகச் செய்தி பரவ, சர்வதேச சங்கம் விசாரணைக் குழுவை அமைத்தது. பிரிட்டிஷ் மருத்துவர் கத்பர்ட் கிறிஸ்டி தலைவர். அமெரிக்கச் சமூகவியலறிஞர் சார்லஸ் ஜான்சனும் முன்னாள் லைபீரிய அதிபர் ஆர்தர் பார்க்லேயும் உறுப்பினர். 1930இல் வெளியான அறிக்கை அடிமை வாணிபத்தை ஒத்த முறை நடப்பதாகக் கண்டது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தெரிந்தே கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்றும் கூறிற்று. அரசாங்கம் ஆளைப் பிடித்துக் கொண்டுவருகிறது. நிறுவனம் வாசலில் பெயர் பதிந்து கூலி கொடுக்கிறது. சட்டப்படி இரண்டும் வேறு வேறு. அதிபர் கிங்கும் துணை அதிபர் யான்சியும் 1930 டிசம்பரில் பதவி விலகினர். கடன் விதியை எதிர்த்த எட்வின் பார்க்லே அதிபரானார்.

பார்க்லே பதவியேற்ற வேளை மிகக் கெட்ட வேளை. ஸ்டீவன்சன் திட்டம் 1928இல் முடிந்திருந்தது. அதில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ரப்பரைக் குவித்தன. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு டாலர் விற்ற இராத்தல் ரப்பர் 1932இல் மூன்று காசுக்கும் கீழே இறங்கிற்று. மலாயாவில் ஆயிரக்கணக்கான நம்மவர் வேலையிழந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்ட காலம் அதுவே. லைபீரியாவில் ஃபயர்ஸ்டோன் புதுநடவை நிறுத்தியது, கூலியைக் குறைத்தது. ஆனால் கடன் தவணை குறையவில்லை. 1931இல் அரசாங்க வருமானத்தில் பாதிக்கு மேல் கடனுக்கும் ஆலோசகர் கூட்டத்தின் சம்பளத்துக்கும் போயிற்று; அரசாங்க ஊழியர்க்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி.

1932 டிசம்பரில் லைபீரியச் சட்டசபை துணிந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: வருமானம் பெருகும் வரை கடன் தவணை கட்டப்படாது. ஃபயர்ஸ்டோன் வாஷிங்டனுக்கு ஓடினார். போர்க்கப்பல் அனுப்ப வேண்டும் என்றுகூடக் கேட்டார். அடுத்த ஆண்டு பதவிக்கு வந்த அதிபர் ரூஸ்வெல்ட் அதற்கு இணங்கவில்லை. ஃபயர்ஸ்டோன் தம் சொந்தப் பொறுப்பில்தான் லைபீரியாவுக்குள் போனார். அவர் பணத்தை மீட்டுக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையன்று என்ற கருத்தில் அவர் குறிப்பெழுதினார். அந்நியர் நிர்வாகிகளை அமர்த்தி நாட்டைச் சீர்படுத்தும் சர்வதேச சங்கத்தின் திட்டத்தையும் லைபீரியா ஏற்க மறுத்தது. 1934இல் சங்கம் அதைக் கைவிட்டது. 1935இல் கடன் பத்திரம் திருத்தி எழுதப்பட்டது. வட்டி நூற்றுக்கு 7 இலிருந்து 5 ஆயிற்று. அரசாங்கத்தின் அன்றாடச் செலவு போக மிஞ்சினால்தான் தவணை கட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. நிறுவனமும் பதிலுக்குச் சில சலுகைகள் பெற்றது. பல ஆண்டுகள் கெஞ்சியும் பெற முடியாத நியாயத்தை, கட்டமாட்டோம் என்று ஒருமுறை சொன்னதும் பெற்றார்கள். இந்த இடத்தில் அந்நாட்டுத் தலைவர்களை நான் பாராட்டுகிறேன். அதே தலைவர்கள் தம் உள்நாட்டு மக்கள் வரி கட்டமாட்டோம் என்றபோது படையை ஏவினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1930களில் கிரூ கடற்கரை கிளர்ந்தெழுந்தபோது ஊர்கள் எரிக்கப்பட்டன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் போனபின் நேசநாடுகளுக்கு எஞ்சிய ரப்பர் மூலங்கள் சிலவே. இலங்கையும் லைபீரியாவும் அவற்றுள் முக்கியமானவை. பதினைந்தாண்டுகளுக்கு முன் நட்ட மரங்கள் அப்பொழுது நல்ல பால் கொடுக்கும் பருவத்தில் இருந்தன. ஹார்பெல் அருகே ராபர்ட்ஸ் விமானத்தளம் கட்டப்பட்டது. 1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட் காசாபிளாங்கா மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் லைபீரியாவில் இறங்கினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்க நாணயத்துக்குப் பதிலாக அமெரிக்க டாலர் அந்நாட்டின் நாணயமாயிற்று. போர்க்கால உதவிப் பணத்தில் தொடங்கிய மன்றோவியா துறைமுகம் 1948இல் திறக்கப்பட்டது. நாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த ஆண்டுகளே லைபீரியத் தோட்டத்தின் பொற்காலம்.

1944இல் அதிபரான வில்லியம் டப்மன் 1971 வரை ஆண்டார். அந்நிய முதலுக்கு வாசலைத் திறந்துவைப்பதே அவர் கொள்கை. போமி மலையில் லான்ஸ்டெல் கிறிஸ்டி என்ற அமெரிக்கர் இரும்புத்தாது வெட்டினார். 1951இல் முதல் ஏற்றுமதி நடந்தது. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஸ்டெட்டினியஸ் யோசனையில் கப்பல்களுக்கு லைபீரியக் கொடி விற்கும் தொழிலும் பிறந்தது. அச்சிறிய நாடு, உலகின் மிகப் பெரிய கப்பற்படை தன் பெயரில் ஓடுவதாக ஏட்டளவில் பெருமை கொண்டது! ஃபயர்ஸ்டோன் கடன் 1950களின் தொடக்கத்தில் தவணைக் காலத்துக்கு வெகு முன்பே அடைக்கப்பட்டது. நிறுவனத்திடம் வருமான வரியும் வாங்கத் தொடங்கினர்.

இன்னொரு சங்கதி உண்டு. நிறுவனம் லைபீரியர்க்கு ரப்பர்க் கன்றுகளை இலவசமாகக் கொடுத்து, விளைந்த பாலைத் தானே வாங்கிக்கொண்டது. நல்ல காரியம்தான். ஆயின் கன்று வாங்கி நட்டவர் யார்? நிலமும் ஆள்பலமும் உள்ள அமைச்சர், நீதிபதி, சட்டசபை உறுப்பினர், அதிபர். அரசாங்கத்தை நடத்தியவர்களும் தோட்ட முதலாளிகளும் ஒருவரே ஆனபின், கூலியை உயர்த்தும்படி நிறுவனத்தைக் கேட்க எவர்க்கு மனம் வரும்? 1961இல் போர்த்துகல் நாடு கட்டாய உழைப்புப் பற்றி லைபீரியாமீது சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தில் புகார் செய்தது. விசாரணை நடக்கையிலேயே பழைய சட்டங்கள் பலவற்றை லைபீரியா நீக்கிற்று. 1963இலும் 1966இலும் தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1966இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் சிலர் லைபீரியாவை ஆராய்ந்து வெளியிட்ட நூலுக்கு ‘முன்னேற்றமில்லாத வளர்ச்சி’ என்ற பொருளில் பெயரிட்டனர். ஏற்றுமதி ஏறுகிறது, கருவூலம் நிறைகிறது, சாலை தோட்டம் வரையிலும் சுரங்கம் வரையிலும் போகிறது, ஊருக்குள் போகவில்லை.

நெல் விளைத்த நாடு அரிசி இறக்குமதி செய்யும் நாடாயிற்று. 1979 ஏப்ரலில் அரிசி விலையை உயர்த்தும் யோசனை எழுந்தபோது மன்றோவியாவில் கலகம் மூண்டு பலர் மாண்டனர். மறு ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் சாமுவேல் டோ என்ற படைவீரரின் தலைமையில் நடந்த புரட்சியில் அதிபர் டோல்பர்ட் கொல்லப்பட்டார்; குடியேறியவர் வழிவந்த கட்சியின் நூற்றாண்டு ஆட்சி முடிந்தது. 1988இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தையே ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிவிட்டது. 1989 இறுதியில் தொடங்கிய உள்நாட்டுப்போரில் சார்லஸ் டெய்லரின் படை ஹார்பெல்லைப் பிடித்தது. 1992இல் தோட்டத்தை மீண்டும் நடத்துவதற்காக நிறுவனம் அப்படையினரோடு உடன்பாடு செய்து பணமும் செலுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் டெய்லர் தலைநகரைத் தாக்கியது அத்தோட்டத்திலிருந்துதான். ஆள்பவர் எவராயினும் அவரிடம் குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைக் காண வேண்டியிருக்கிறது.

போர் ஓய்ந்தபின் நிலைமை சிறிது மாறிற்று. 2007இல் தோட்டத் தொழிலாளர் சுதந்திரமாக வாக்களித்துத் தம் சங்கத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர். அடுத்த ஆண்டு அச்சங்கம் நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. 2014இல் எபோலா நோய் பரவியபோது தோட்ட மருத்துவமனையும் நிர்வாகமும் ஹார்பெல்லில் நோயைக் கட்டுப்படுத்திய விதம் பிற நாட்டாராலும் பாராட்டப்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

லைபீரிய ரப்பரைக் கொண்டு உலகெங்கும் டயர் செய்தார்கள்; லைபீரியாவில் டயர்த் தொழிற்சாலை எழவில்லை. பாலும் கட்டி ரப்பரும் கப்பலேறிப் போயின. 1926இல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை அப்படியே இருந்திருந்தால் 2025இல் முடிந்திருக்கும். அதற்கு முன்பே, எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதிபராயிருந்த 2008ஆம் ஆண்டில், அது திருத்தி எழுதப்பட்டது. இப்பொழுது பத்திரத்தில் உள்ள ஆண்டு 2041.